நண்டு வலையும் 22ஆம் திருப்பாடலும்

தங்கச்சிமடம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வேலை போனதை ஒரே வரியில் எழுதிவிட்டு, உடனே ‘ஆண்டவருக்குத் தோத்திரம்’ என்று முடித்திருந்தாய். அந்த வரிதான் என்னைப் பதில் எழுதவிடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

போன மாதம் என் நண்டு வலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரவில் ஏதோ ஒரு விசைப்படகின் மடிவலை இழுத்துப் போயிருக்கிறது. வலைக்கு வாங்கிய கடன் மட்டும் கிழியாமல் இருக்கிறது. அந்த வாரம், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். எல்லோரோடும் கைதட்டி நன்றிப் பாட்டுப் பாடினேன். மனம் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

சின்ன வயதில் ஓரியூருக்குப் போய்ச் சிவப்பு மண்ணைப் பொட்டலம் கட்டி வந்தோமே, நினைவிருக்கிறதா? வேதம் போதிக்க வந்த புனிதர் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே வெட்டுண்டு இறந்தார். முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதியிருக்கிறார். எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் வருகிறது. நான் வலைக்கே அழுகிற ஆள்.

ஒரு நாள் இரவு வாசல் விளக்கடியில் மிஞ்சிய வலையின் கிழிசல்களை முடிந்துகொண்டிருந்தேன். வலையின் தங்கூசி நரம்பு ஆள்காட்டி விரலை அறுத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது; ஆண்டவரை வாய்விட்டே ஏசினேன். “யாரோடு சண்டை?” என்று எட்டிப் பார்த்த உன் தங்கை, விவரம் கேட்டபின் பைபிளைக் கொண்டுவந்து 22ஆம் திருப்பாடலைப் பிரித்து வைத்தாள். விரலுக்குத் துணி கட்டிவிடத்தான் மறந்துவிட்டாள்.

‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று சிலுவையில் இயேசு கதறியது அதன் முதல் வரி. பெரிய வெள்ளிதோறும் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டு சபை நடுவே ஆண்டவரைப் புகழ்வதில் போய் முடிகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்கு முன் அந்தப் பாட்டைப் பாடுகிறவன் எலும்புகள் கழன்றதையும் நாக்கு ஒட்டிக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் முறையிட்டுவிடுகிறான், மாப்பிள்ளை. சொல்லித் தீர்த்த வாய்தான் பிறகு புகழ்கிறது.

மறுநாள் கடலில் கிழக்கு வெளுக்கும்போது ‘தோத்திரம் ஆண்டவரே’ என்று என்னையறியாமல் சொன்னேன். அப்போது கணக்கு எதுவும் ஓடவில்லை. அன்று கிடைத்தது நாலு கிலோ நண்டு. அதிலும் வியாபாரி கழிவு பிடித்தார்.

வேலை எப்படிப் போனது, வீட்டில் என்ன சொன்னார்கள், ராத்திரி தூங்குகிறாயா? ஏச வேண்டியவர்களை ஏசியே எழுது. தபால் செலவுக்குப் பயந்து சுருக்காதே. நெத்திலிக் கருவாடு காய்கிறது, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மச்சான்