தரங்கம்பாடி ஆட்டோ அண்ணாவுக்கு நன்றி

மார்கழி விடுமுறையில் பூம்புகார் பார்த்துவிட்டு அம்மாவோடு தரங்கம்பாடி வந்திருந்தோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும் அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணா, நாங்கள் கூப்பிடவே இல்லை. நீங்களே ஓடிவந்தீர்கள். "சர்க்கரை இருக்கா? காலையில சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவைத் தாங்கி ஏற்றி, பொறையாறில் டாக்டரிடம் கொண்டுபோனீர்கள். குளுக்கோஸ் ஏறி முடியும்வரை வாசலிலேயே இருந்தீர்கள். அப்புறம் கோட்டை வாசலில் விழுந்துகிடந்த மூக்குக்கண்ணாடியைத் தேடிப்போய் எடுத்தும் வந்தீர்கள்! காத்திருந்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள்.

பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. உங்களைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். அம்மா இப்போது நலம். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் பார்க்க இன்னும் பாக்கி. உங்கள் ஆட்டோவில்தான் போகவேண்டுமாம்.