டிரெய்லர் செய்பவர்களே, அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான டிராவல் டிரெய்லரைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றைக் கனடாவில் விற்கும் டீலர்களுக்கும் வணக்கம்.

நான் ஒன்டாரியோவில் இருக்கிறேன். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் இங்கே பல முகாம் பூங்காக்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே இரவில் உறைபனி விழத் தொடங்கியிருக்கும். டிரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்போது ஒரே வேலைதான்: உள்ளே இருக்கும் தண்ணீர்க் குழாய்களைக் குளிர்காலத்துக்குத் தயார்படுத்துவது. உறவினர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பலருக்கு இதைச் செய்து கொடுப்பதால் பல கம்பெனி டிரெய்லர்களின் கட்டிலுக்கு அடியிலும் சிங்க்குக்கு அடியிலும் டார்ச்சோடு படுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குளிர்காலத்துக்கு முன் கை வைக்க வேண்டிய இடங்களைக் கைக்கு எட்டும்படி வையுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்த மாடலின் குழாய் வரைபடத்தை வண்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இது இல்லாததால் ஆகும் சேதம் பெரியது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. நீங்கள் போடும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். விரிந்து கொடுக்காதவை வேறு: குழாய் திரும்பும் இடத்துப் பிளாஸ்டிக் எல்போ, தண்ணீர் திறக்கும் டேப்புக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ், பம்ப்பின் தலை, டாய்லெட்டுக்குத் தண்ணீர் விடும் வால்வு, வெளியிலிருந்து தண்ணீர் இணைக்கும் வாயில் உள்ள, தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு. இவை ஜனவரியில் விரிசல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. மே மாதம் முதல் முகாமில் ஹோஸை மாட்டித் திறந்த பிறகுதான் சுவருக்குப் பின்னால் ஒழுக ஆரம்பிக்கும். அதையும் உடனே யாரும் பார்ப்பதில்லை. தரைப்பலகை ஊறி, நடக்கும்போது கால் அமிழ்கிறதே என்று சந்தேகம் வரும்போது பாதி தரையைப் பெயர்க்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

இத்தனைக்கும் வேலை கடினமானதில்லை. நன்னீர்த் தொட்டியை வடிக்க வேண்டும். வாட்டர் ஹீட்டரை ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். வெந்நீர், தண்ணீர்க் குழாய்களின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வடிகால்களைத் திறந்துவிட வேண்டும். அப்புறம் ஹீட்டருக்குள் எதுவும் போகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, பம்ப்பின் உறிஞ்சு குழாயை இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (எளிதில் உறையாத திரவம்) கேனுக்குள் விட்டு, ஒவ்வொரு டேப்பாக நிறம் வரும்வரை திறக்க வேண்டும். கடைசியாக சிங்க், ஷவர் வடிகால்களில் தலா ஒரு கப் ஆன்டிஃப்ரீஸை ஊற்றினால் முடிந்தது. வழக்கமான டிரெய்லருக்கு இரண்டு மூன்று கேலன் போதும்.

ஆனால் இந்த வரிகள் ஒவ்வொன்றிலும் எதையாவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் மக்கள் தோற்றுப்போகிறார்கள்.

பைபாஸ் வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு நண்பரின் வண்டியில் கட்டில் பலகையைத் தூக்கி, சேமிப்புப் பெட்டியைக் காலி செய்து, உள்ளே இருந்த ஒரு மெல்லிய பலகையின் சதுரக்குழி ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அதற்குப் பின்னால் ஹீட்டரின் முதுகு. ஒரு கை மட்டும் நுழையும் இடைவெளி. மூன்று வால்வுகள், மூன்றும் வெள்ளை, ஒன்றின் மேலும் எழுத்தில்லை. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்று தெரிந்தவர் சமாளிப்பார். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூடி, நடுவில் இருப்பதைத் திறக்க வேண்டும் என்பது முதல் தடவை டிரெய்லர் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? வேறு சில மாடல்களில் இரண்டு வால்வு, சிலவற்றில் ஒன்றே ஒன்று. தெரியாமல் விட்டால் 6 கேலனோ 10 கேலனோ பிடிக்கும் ஹீட்டர் முழுக்க ஆன்டிஃப்ரீஸ் போய் நிறையும். வாங்கிய கேன் எல்லாம் தீர்ந்தும் சமையலறை டேப்பில் நிறம் வராது. வேலை ஆகிவிட்டது என்று நினைத்து அதோடு விட்டவர்களும் உண்டு.

கையேட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்திருக்கிறேன். எல்லா மாடலுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். 'உங்கள் வண்டியில் பொருத்தப்பட்டிருந்தால்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பொருத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதுதானே வாங்கியவரின் கேள்வி? அதைப் பொருத்தியவர்கள் நீங்கள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது கழிவுத் தொட்டியைக் கழுவும் தனிக் குழாய். வெளியே ஹோஸ் மாட்டினால் டாய்லெட் தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சும் இணைப்பு அது. பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தாலும் ஆன்டிஃப்ரீஸ் அந்தக் குழாயை எட்டாது. அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்க அதில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பானை, பெரும்பாலும் குளியலறைச் சுவருக்குப் பின்னால், உயரத்தில் வைக்கிறீர்கள். அது வெடித்தால் அடுத்த முறை கழுவும்போது தண்ணீர் சுவருக்குள் கொட்டும். காற்றடித்து வெளியேற்ற வேண்டிய குழாய் இது என்று அந்த இணைப்பின் பக்கத்திலேயே ஒரு வரி அச்சிட்டால் என்ன? வெளி ஷவர், வெளிச் சமையலறை டேப், டாய்லெட் பக்கத்துக் கைத்தெளிப்பான், வாஷிங் மெஷினுக்கு விட்டிருக்கும் இணைப்பு, பிரிட்ஜின் ஐஸ் மேக்கர் என்று மறக்கக்கூடிய கிளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு மாடலில் எத்தனை கிளை என்பது வரைந்தவருக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை எங்களுக்கும் சொல்லுங்கள்.

காற்றடிப்பது என்றதும் இன்னொன்று. வீட்டுக் காற்று கம்ப்ரஸர் 100 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேலும் தரும். டிரெய்லர் குழாய்களுக்கு 30 முதல் 40 வரை வைத்தால் நல்லது என்பது இந்த வேலை தெரிந்தவர்களின் பழக்கம். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று தண்ணீர் இணைக்கும் வாயிலேயே ஓர் எண்ணைப் போடுங்கள். ஹீட்டர் பக்கத்திலும் இரண்டு வரி வேண்டும். உருக்குத் தொட்டி உள்ள சபர்பன் கம்பெனி ஹீட்டரில் ஆனோடு தண்டோடு (தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் கம்பி) சேர்ந்த பிளக் இருக்கும். அலுமினியத் தொட்டி உள்ள ஆட்வுட் கம்பெனி ஹீட்டரில் வெறும் பிளாஸ்டிக் பிளக். எந்த அளவு ஸ்பானர் வேண்டும் என்று தெரியாமல் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். தொட்டி காலியாக இருக்கும்போது மின்சார சுவிட்சைப் போட்டால் ஹீட்டரின் எலிமெண்ட் எரிந்துவிடும் என்ற எச்சரிக்கை அந்த சுவிட்சின் மேலேயே இருக்க வேண்டும்.

டீலர்களுக்கு: நீங்கள் வண்டியைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் மே, ஜூன் வெயிலில். வெளியே நிழல் தரும் ஆனிங்கை எப்படி விரிப்பது, டிவி எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறீர்கள். குளிர்காலம் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பைபாஸை வாங்குபவரின் கையாலேயே ஒரு தடவை திருப்ப வையுங்கள். கேனில் மைனஸ் 50 என்று பெரிதாகப் போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு என்பதையும், அதற்கு வெகு முன்பே அது கூழாக ஆகிவிடும் என்பதையும், குழாயில் மிஞ்சிய தண்ணீரோடு கலந்தால் அதன் பலம் குறையும் என்பதையும் சொல்லுங்கள். முக்கியமாக, காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் விடக்கூடாது, அது விஷம், குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து என்பதைச் சொல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து கொடுக்கும்போது, எதையெல்லாம் செய்தீர்கள் என்று ரசீதில் எழுதுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டீலரிடம் கொடுத்துச் செய்தார். வசந்தத்தில் வெளி ஷவரின் வால்வு பிளந்திருந்தது. ரசீதில் 'குளிர்காலத் தயாரிப்பு' என்று ஒரே வரி. வெளி ஷவரைத் திறந்தார்களா இல்லையா என்று எதைக் காட்டிக் கேட்பது? அவர் கைக்காசு போட்டுத்தான் மாற்றினார்.

நான்கு பருவத்துக்கும் ஏற்றது, அடிப்பகுதி மூடப்பட்டுச் சூடேற்றப்பட்டது என்று விளம்பரம் செய்கிறீர்களே, அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டிக்குள் சூடு தரும் ஃபர்னஸ் ஓடும்வரைதான் அந்தச் சூடு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பூட்டி நிறுத்திய வண்டிக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

செலவாகுமே என்று சொல்ல முடியாது. விலை கூடிய மாடல்கள் சிலவற்றில் எல்லா வால்வுகளையும் ஒரே பலகையில் கொண்டுவந்து, குளிர்காலத்துக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று படமே போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் முதல் தடவை வாங்கும் குடும்பங்கள் எடுப்பது விலை குறைந்த மாடல்களை. அந்தப் பலகையைத் தர முடியாவிட்டாலும் ஸ்டிக்கராவது ஒட்டலாம். ஸ்க்ரூ போட்டு மூடிய இடத்தில் ஒரு சிறு கதவு வைக்கலாம்.

வரைபடத்தை இணையத்தில் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். டிரெய்லர் கை மாறிக்கொண்டே இருக்கும் பொருள். இரண்டாம் கையாக வாங்குபவருக்கு டீலரும் இல்லை, கையேடும் பெரும்பாலும் வந்து சேராது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் கதவின் உட்புறத்தில், நனைந்தாலும் கிழியாத தாளில் ஒட்டிக் கொடுங்கள். அடுத்த வருடம் சந்தைக்கு வரும் மாடல்களிலிருந்தே தொடங்கலாம்.

இதைப் படிக்கும் டிரெய்லர்காரர்களே, வாங்குவதற்கு முன் பைபாஸ் வால்வைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத டீலரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
ஒன்டாரியோவிலிருந்து ஒரு டிரெய்லர் உரிமையாளர்