வில்லுக்கு ஒரு முதுகு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் நிம்மதி. எனக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். எழுத்து தெரிகிறது, தரைதான் கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருக்கிறது. பழகிவிடுமாம். இதையெல்லாம் விட, நீ பேத்திக்கு வில் செய்கிறாய் என்பதுதான் பெரிய சேதி. காலமெல்லாம் பேரேட்டையும் பேனாவையும் தவிர எதையும் தொடாதவன், இன்று இழைப்புளி பிடித்திருக்கிறாய்!

வில்லின் முதுகில், அதாவது இழுப்பவருக்கு எதிர்ப்பக்கத்தில், என்ன ஒட்டலாம் என்று கேட்டு மூங்கில், விலங்கின் தசைநார், கண்ணாடி இழை, பதனிடாத பச்சைத்தோல் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். படித்தால் படையெடுப்புக்குக் கிளம்புகிறவன் போட்ட பட்டியல் மாதிரி இருக்கிறது. ஏழு வயதுப் பெண் பத்து, பதினைந்து பவுண்டு விசையில் வளைகிற வில்லைத்தான் இழுக்கப் போகிறாள். வில்லுக்கு வலு கூட்டப் பார்க்கிறாயா, இல்லை உடைந்தால் சிலாம்பு பறக்கக் கூடாது என்று பார்க்கிறாயா? இதை முடிவு செய்துவிட்டால் பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். பையன் சின்னவனாக இருந்தபோது ஒரு பழைய அலமாரிப் பலகையை அறுத்து வில் செய்தேன். முதுகில் ஒன்றும் ஒட்டவில்லை. பளபளவென்று வார்னிஷ் மட்டும் அடித்தேன். அவன் ஒரு வாரம் விளையாடினான், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் நான் சும்மா இருக்காமல், "கொடுடா, எப்படி இழுப்பதென்று காட்டுகிறேன்" என்று வாங்கிக் காதுவரை இழுத்தேன். படீரென்று ஒரு சத்தம். மேல்பாதியில் ஒரு முழத் துண்டு என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. பையன் கைதட்டினான். எனக்குக் கால் நடுங்கியது.

அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். முறிந்த இடத்தைப் பார்த்தால் மரத்தின் ரேகை முதுகின் குறுக்கே சாய்ந்து ஓடி விளிம்பில் போய் முடிகிறது. சரியாக அந்த இடத்தில்தான் கிளம்பியிருக்கிறது. வளைக்கும்போது நம் பக்கம் இருக்கிற வயிறு அமுங்குகிறது, எதிர்ப்பக்க முதுகு இழுபடுகிறது. அமுங்குகிற பக்கம் தாங்காவிட்டால் மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்து முதலிலேயே காட்டிக்கொடுக்கும். இழுபடுகிற பக்கத்துக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. ஒரு நார் விட்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே ரேகை முனையிலிருந்து முனைவரை நேராக ஓடுகிற மரமாகப் பார். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விற்களை எடுத்தார்கள். எல்லாம் ஒற்றை யூ மரத்தில் செய்தவை, முதுகில் எதுவும் ஒட்டாதவை. யூ மரத்தின் வெளிப்புற வெள்ளை மரமே முதுகாகிவிடும். நமக்குக் கிடைப்பது பலகைதானே, அதனால்தான் முதுகில் ஏதாவது ஒட்ட வேண்டியிருக்கிறது.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். மூங்கில் இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரன், ஆனால் சின்ன வில்லுக்கு முரடன். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. 8 மில்லிமீட்டர் தண்டின் மேல் 2 மில்லிமீட்டர் பட்டை ஏறினாலே விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைக் குறைக்க வயிற்றை இழைப்பாய். இழைத்து இழைத்து மெலிந்த வயிறு அந்த முதுகுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நசுங்கும். தசைநார் அருமையான பொருள்தான். ஆனால் நார் நாராகப் பிரித்து, வஜ்ஜிரம் என்ற தோல் பசையில் தோய்த்து ஒட்டி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். ஈரம் பட்டால் தளரும், எடையும் கூடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் தோலையும் மூச்சையும் படுத்தும். குழந்தை நடமாடுகிற வீட்டில் வேண்டாம்.

பச்சைத்தோல் மோசமில்லை. நாய் கடித்து விளையாடக் கொடுக்கிற தோல் எலும்பைக்கூட ஊறவைத்துப் பிரித்து வில்லில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அது தடித்த தோல். அரை மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் கிடைத்தால் ஒட்டு, இல்லாவிட்டால் விடு.

என் ஓட்டு லினன் துணிக்கு. அதை நெய்யும் ஆளி நார் அதிகம் நீளாது, அதனால் மரம் இழுபடும்போதே துணியும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நைலான் பலமானதுதான், ஆனால் அது சாவகாசமாக நீண்டு தன் பலத்தைக் காட்டுவதற்குள் மரம் முறிந்திருக்கும். லினன் இல்லையென்றால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே போதும். இழை வில்லின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டு. குறுக்கிழை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கும், சாய்வாக வெட்டிய துணி வெறும் அலங்காரம்.

முதுகை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, விளிம்புகளின் கூர்மையை உருட்டிவிடு. முறிவு அங்கேதான் தொடங்கும். அப்புறம் கைபடாமல் வைத்துக்கொள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும். முதுகில் ஒரு பூச்சு பூசி, துணியைப் பசையில் நனைத்துப் போட்டு, நடுவிலிருந்து முனையை நோக்கிக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போ. துணிக்கடியில் மீன்கண் மாதிரி குமிழி தெரிந்தால் அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்று. இரண்டு துண்டாகப் போடுவதானால் ஒட்டு கைப்பிடியில் வரட்டும், அங்கே வளைவு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் துணி மிஞ்சட்டும். காய்ந்த பிறகு உப்புத்தாளைச் சாய்த்துத் தேய்த்தால் தானே அறுந்து விழும். மூன்று நான்கு நாள் தொடாதே. பேத்தி நச்சரிப்பாள், தெரியும்.

இதெல்லாம் வில்லை முழு இழுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். துணி ஏறியபின் வயிற்றுப் பக்கம் மட்டும் இழைத்து வளைவைச் சரிசெய்துகொள், முதுகில் இழைப்புளியை வைக்காதே. நாணில் அம்பில்லாமல் இழுத்து விடக்கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவிடு. அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பும். அப்புறம் நீ இழுத்துப் பார்க்காதே. அவள் கை எவ்வளவு இழுக்குமோ, அந்த அளவுக்குக் கட்டிய வில் அது.

பக்கவாட்டு ரேகை தெரிகிற மாதிரி மரத்தை ஒரு படமெடுத்து அனுப்பு. ஒட்டுவதற்கு முன்னால் அனுப்பு, ஒட்டியபின் எனக்குத் துணிதான் தெரியும்.

உன் பழைய கூட்டாளி,
ராமு