எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்டெப்? மாடி வகுப்பிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசி ஞாயிறு நடந்த நடன மாலையைப் பற்றி உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று முழுக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்கள் என்று அறிவித்திருந்தோம். மூன்றாவது பாட்டிலேயே பாதிப் பேர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டீர்கள். "மாஸ்டர், நீங்க சொல்லிக்கொடுத்த ஜைவ் இதுக்கு உட்காரவே மாட்டேங்குதே" என்று, ஜோடியாகத் துள்ளி ஆடும் அந்த நடனத்தைப் பற்றி ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பாடல்களைத் தேடித் தேடி எடுத்த நாங்கள், எதற்கு எதை ஆடுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பெயரை நம்பி ஸ்டெப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1949-ல் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கான விற்பனைப் பட்டியலுக்கு வைத்த தலைப்புதான் ரிதம் அண்ட் ப்ளூஸ். அதற்குள் எல்லாம் அடக்கம்: துள்ளலும் உண்டு, அழுகையும் உண்டு, பாதி கியூபா வாடையும் உண்டு. இன்று அதே பெயரில் வருகிற பாட்டுகள் வேறு ஜாதி. அதனால் உறையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பாட்டின் வேகத்தையும் நடையையும் பாருங்கள்.

வேகம் பார்ப்பது சுலபம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 விநாடி கை தட்டுங்கள், வந்த எண்ணிக்கையை நான்கால் பெருக்குங்கள். 30 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 120 பீட்.

நடை என்பது நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பீட்டையும் 'தகிட' என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் இருக்கும் 'கி'யை விழுங்கிவிடுங்கள். த...ட, த...ட என்று நொண்டிக்கொண்டே ஓடும். அதுதான் ஷஃபிள். டப்பாங்குத்துக்கு ஆடி வளர்ந்த கால்களுக்கு இந்த மூன்றுக் கணக்கைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'தகதிமி' என்று நான்காகச் சமமாகப் பிரிந்தால் அது வேறு. அதில் ஜைவ் ஆடினால் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

1940-களின் அமெரிக்கப் பாடகர் லூயிஸ் ஜோர்டன் போன்றவர்களின் துள்ளல் ப்ளூஸுக்கு ஜைவ் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். போட்டிகளில் ஜைவின் வேகம் 168 முதல் 176 பீட் வரை. நம் கூடத்தில் 140 இருந்தாலே மூச்சு வாங்கும், அது போதும். பெரம்பூரில் ரயில்வே குடும்பங்களின் கிறிஸ்துமஸ் நடனங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் உண்டு. அவர்களுக்கு நாங்கள் ஜைவ் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவர் தடுமாறியது காலில் இல்லை, கணக்கில். ப்ளூஸ் பாட்டு பெரும்பாலும் 12 'பார்' (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) கொண்ட சுற்றாக வரும். ஒரு பாருக்கு 4 பீட், ஆக மொத்தம் 48. பாடகர் ஒரு வரியைப் பாடுவார், அதையே திருப்பிப் பாடுவார், மூன்றாவது வரியில் பதில் சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் 16 பீட். நம் ஜைவின் அடிப்படை ஸ்டெப்போ 6 பீட். முதல் வரி முடியும்போது நீங்கள் இரண்டு ஸ்டெப் முடித்து மூன்றாவதில் நான்கு எண்ணியிருப்பீர்கள். இரண்டாவது வரி முடியும்போது ஐந்து ஸ்டெப், மேலே இரண்டு பீட். பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தோன்றுவது இங்கேதான். பயந்து நின்றுவிடாதீர்கள். மூன்றாவது வரியின் கடைசியில் எட்டாவது ஸ்டெப் சரியாக 48-ல் வந்து முடியும், மிருதங்கத் தீர்மானம் சமத்தில் விழுகிற மாதிரி. அந்த அக்காவும் அவர் கணவரும் செவ்வாய்க்கிழமை வந்து இதை எண்ணி ஆடிப் பார்த்தார்கள். எட்டாவது ஸ்டெப்பும் புதுச் சுற்றுக்கு டிரம்ஸ் உருட்டியதும் ஒன்றாக முடிந்தபோது அண்ணன் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொரு வரியோடும் ஒட்டி ஆட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் 8 பீட் ஸ்டெப்புகளைக் கற்றுக்கொள்ளலாம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த லிண்டி ஹாப், கலிபோர்னியாவின் வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்ற இரண்டு ஜோடி நடனங்களிலும் அவை உண்டு. இரண்டு போட்டால் ஒரு வரி முடிந்தது. 90 முதல் 120 பீட் வரை நிதானமாகப் போகும் பாட்டுக்கு எங்கள் ஓட்டு வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங்குக்குத்தான். இன்றைய சமநடைப் பாட்டுகளுக்கும் அது பொருந்தும்.

இனி மெதுவான பாட்டு. பியானோ வாசித்துப் பாடிய ஃபேட்ஸ் டோமினோவின் மெதுவான பாடல்களில் பியானோ தகிட தகிட என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். "மூணு கேக்குதே மாஸ்டர், வால்ட்ஸ் ஆடலாமா?" என்று இருவர் கேட்டீர்கள். வேண்டாம். வால்ட்ஸ் என்பது மூன்று மூன்று பீட்டாக எண்ணி ஆடுவது. இங்கே கேட்கிற மூன்றோ ஒவ்வொரு பீட்டுக்கும் உள்ளே இருக்கிறது, பாட்டின் உடம்பு நான்காகத்தான் நடக்கிறது. வால்ட்ஸ் ஆடினால் இரண்டே சுற்றில் தலை சுற்றும். நெருங்கி நின்று, பீட்டுக்கு ஒரு சின்ன அடி, அவ்வளவுதான். அதுவும் நடனம்தான், வெட்கப்படாதீர்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பக்கத்துப் பாட்டுகள் தனி ரகம். அந்த ஊர் பியானோக்காரர் ப்ரொஃபசர் லாங்ஹேர் ப்ளூஸோடு கியூபாவின் ரம்பா தாளத்தைக் கலந்து வாசித்தவர். அப்படிப்பட்ட பாட்டுக்கு ஜைவ் வேண்டாம். 120-ஐ ஒட்டிய வேகம் என்றால் கியூபாவிலிருந்து வந்த சா சா சா நடனத்தை ஆடிப் பாருங்கள். கூடம் நெடுக நகர்ந்து ஆடுகிற ஃபாக்ஸ்ட்ராட் பற்றி அடுத்த முறை. நம் கூடத்தின் நீளத்தில் நான்கு அடி வைத்தால் சுவர் வந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு விஷயம். ஷூ வழுக்கவில்லை என்று யாரோ கேரம் பவுடரைத் தரையில் தூவியிருந்தீர்கள். வட சென்னை வீட்டில் அந்த டப்பா இருப்பது சகஜம்தான், ஆனால் அது ஸ்ட்ரைக்கருக்கு, முழங்காலுக்கு அல்ல. மறுநாள் காலை கூட்ட வந்தபோது விழுந்தது நான்.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் வேகத்தையும் எங்கள் யோசனையையும் கரும்பலகையில் எழுதி வைப்போம். போன முறை பாதியில் எழுந்து போனவர்களுக்கு இந்த ஞாயிறு நுழைவுக் கட்டணம் இல்லை. மாலை ஆறரைக்கு ஆரம்பம். உங்களிடம் பாட்டு இருந்தால் பென் டிரைவில் கொண்டுவாருங்கள், சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். மாடிப்படியின் இரண்டாவது திருப்பத்தில் பல்பு போய்விட்டது, பார்த்து ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாடி நடன வகுப்பு,
பெரம்பூர்