உன் ஷில்லிங் பற்றி

அன்பு மகளுக்கு,

நாலு மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு காசின் படம் வந்திருக்கிறது. "அப்பா, உடுப்புத் தோய்க்கிற லோண்டரெட்டில் தந்த மிச்சக் காசுக்குள் பத்துப் பென்ஸோடு கிடந்தது, என்ன இது?" என்று ஒரே வரி. சரி, என்னிடம் கேட்கத் தோன்றியதே. டெலிபோனில் சொல்லத் தொடங்கினால் வேறு கதை வந்துவிடும், அதுதான் எழுதுகிறேன்.

அது ஷில்லிங், பழைய பிரித்தானியக் காசு. ஆறாம் ஜோர்ஜ் அரசர் காலத்தது. இப்போதைய பத்துப் பென்ஸைவிட ஒரு மில்லிமீற்றர்கூடச் சிறிசில்லை, தந்தவர் கவனித்திருக்க மாட்டார். கிரீடத்தின் மேல் சிங்கம் நாலு காலில் நின்றால் இங்கிலாந்து ஷில்லிங், குந்தியிருந்தால் ஸ்கொட்லாந்து ஷில்லிங். உன்னுடையது குந்தியிருக்கிற சிங்கம். அந்த ஜோர்ஜின் மனைவி ராணி ஸ்கொட்லாந்துக் குடும்பத்துப் பெண் என்று அவவைக் கௌரவித்து அடித்தது. பெண் பிறந்த வீட்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் வேண்டும்.

சிக்கல் வருஷத்தில்தான். 194 தெரிகிறது, கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. அது 6 என்றால் பாதி வெள்ளி. 8 என்றால் செம்பும் நிக்கலும்தான், ஒரு பொட்டு வெள்ளி இல்லை. 1919 வரை ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி போட்டார்கள், 1920இலிருந்து பாதி, 1947இலிருந்து ஒன்றுமில்லை. யுத்த நேரம் அமெரிக்காவிடம் வாங்கின வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் என்றால் அரசாங்கமும் வீட்டில் இருக்கிறதில்தான் கை வைக்கும்.

தராசில் வைத்துப் பிரயோசனமில்லை, இரண்டும் 5.66 கிராம். காந்தமும் உதவாது. 'இந்தியாவின் பேரரசர்' என்ற லத்தீன் சுருக்கத்தைப் பார்த்து வெள்ளி என்று நினைத்துவிடாதே, 1948 காசிலும் அது உண்டு. விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் விளிம்பில் மெல்லத் தட்டிக் கேள். வெள்ளி கிணிங் என்று இழுக்கும், மற்றது உடனே அடங்கிவிடும். தேய்ந்த மேடுகளில் லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கிறதா என்றும் பார். பிரஷ் போட்டுத் தேய்க்காதே. வினாகிரியில் ஊறப் போடாதே.

நீ கெட்டிக்காரி. சின்ன வயதிலேயே ஓசையை வைத்துச் சொல்லிவிடுவாய், அண்ணாவுக்கு அது வரவேயில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்க மட்டும் உனக்கு நேரமில்லை.

உன் வீட்டில் புது வோஷிங் மெஷின் இருக்கிறது, நாங்கள்தானே வாங்கித் தந்தோம். பழுதாகியிருக்கும், திருத்த ஆள் கிடைக்காமல் இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் லோண்டரெட் என்று சொல்லவில்லை, காசு கடையில் கிடைத்தது என்றேன். இரவில் அங்கே தனியாகப் போகாதே. காசைத் தேய்க்காதே.

அந்த ரொபி ரின் உனக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்த காலத்தில் பழைய ஷில்லிங் ஐந்து பென்ஸாக ஓடியது, இரண்டு ஷில்லிங் பத்துப் பென்ஸாக. ஷில்லிங்கை 1990 முடிவோடு நிறுத்தினார்கள், மற்றதை 1993இல். அதற்குள் வெள்ளிக் காசை முக்கால்வாசி ஆட்கள் பொறுக்கி முடித்துவிட்டார்கள். ஒரு கிழமைக்கு ஒன்று அகப்பட்டாலே பெரிசு. அகப்பட்டதற்கு என் காசைக் கல்லாவில் போட்டுவிட்டுத்தான் எடுத்து அந்த ரின்னுக்குள் சேர்த்தேன், ஒரு பென்னி குறைந்ததில்லை.

அந்த ரின்னைக் கள்ளர் எடுக்கவில்லை, பிள்ளை. நீயும் எடுக்கவில்லை. 2011 ஏப்ரலில் வெள்ளி விலை ஏறிக் கிடந்தது, எனக்குச் சீட்டுக் காசு கட்டக் குறைந்தது. கொண்டுபோய் நிறுத்து விற்றேன். கடைக்காரர் ஒரு காசைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை, அப்படியே தட்டில் கொட்டினார். அதற்குள் 1905ஆம் ஆண்டு ஷில்லிங் ஒன்று இருந்தது, நீ கண்டுபிடித்தது, கிடைத்தற்கரியது. எல்லாமாக நூறு பவுணும் சொச்சமும்.

அம்மா உன் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தபோது நான் படியில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் கீழே இறங்கிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டேன். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் என்னோடு மேசையில் காசு பரப்பி இருந்ததில்லை. நேற்றுத்தான் முதல்தரம் கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முதல் சொல்லிவிடுவேன்.

அம்மா தூள் வறுத்து அரைத்து இரண்டு போத்தலில் போட்டு வைத்திருக்கிறா. பழைய விலாசத்துக்கா வேறு விலாசத்துக்கா அனுப்புவது என்று எழுது. காரணம் எழுத வேண்டாம், விலாசம் போதும்.

அப்பா