முதலில் தேன் பருவத்தில் வாருங்கள்

கோத்தகிரிப் பக்கத்துப் பாறைகளில் புதிய போல்ட் பாதை (பாறையில் துளையிட்டு உலோக ஆணிகள் பதித்த ஏறுவழி) திறக்க வரும் குழுவினருக்கு,

வணக்கம். நானும் பாறையேறுபவன்தான்; போல்ட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. விரிசல் இல்லாத சார்னோக்கைட் என்ற கடும்பாறைச் சுவரில் நான்கைந்து பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி முடிக்கும் கட்டம்) ஏற வேறு வழி குறைவு. நீங்கள் பாறையைப் பார்க்க வரும் மாதம்தான் என் கவலை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பாறை காய்ந்ததும், ஜனவரியில் வருவீர்கள். அப்போது சுவர் வெறுமையாகத் தெரியும். துருத்தி நிற்கும் விளிம்புகளுக்கு அடியில் கருத்த கறைகள் இருந்தால், மழைநீர் வழிந்தது என்று கடந்துவிடாதீர்கள். அவற்றில் சில மலைத்தேனீ கூடு கட்டிய இடங்களாக இருக்கும். பூக்காலத்தில் மலைக்கு வந்து, பூ ஓய்ந்ததும் கிளம்பிவிடும் இந்தத் தேனீக்கள் மறு ஆண்டும் அதே பாறைக்குத் திரும்பும் வழக்கமுடையவை.

கலைந்த தேனீக்கள் துரத்தினால், ஒரே பிட்ச் என்றால் ஏறுபவரைச் சட்டென்று இறக்கிவிட்டு ஓடலாம். மூன்றாவது பிட்ச்சின் முடிவில் இரண்டு போல்ட்டை நம்பித் தொங்குபவர் எங்கே ஓடுவார்? 60 மீட்டர் கயிற்றை இரட்டையாகப் போட்டால் ஒரு தடவைக்கு 30 மீட்டர்தான் இறங்கலாம். பிறகு கயிற்றை இழுத்து, அடுத்த ஆங்கரில் (கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தில்) கோத்து, மறுபடியும் இறங்க வேண்டும். நடுவில் கயிறு சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட் மண்டையைக் காக்கும், முகத்தைக் காக்காது.

உங்களுக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சுவர்களில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்கள் காட்டுக்கொடியில் ஏணி பின்னி, இருட்டில், புகையுடன் இறங்கித் தேன் எடுப்பார்கள். மேலே ஏணியைக் காப்பவர், இறங்குபவருடைய மனைவியின் சகோதரராக இருப்பது வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியிழப்பதை எவன் விரும்புவான்? பிலே பிடிக்க (ஏறுபவரின் கயிற்றைக் காத்து நிற்க) ஆள் தேர்ந்தெடுப்பதில் இதைவிடக் கறாரான விதியை நான் கண்டதில்லை. எந்தப் பாறையில் யார் எடுப்பது என்பதற்கும் அவர்களிடம் முறை உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் வனவாசிகள் சேகரிக்க உரிமையுள்ள சிறு வன மகசூலில் தேனைச் சேர்த்திருக்கிறது. ஆகவே வனத்துறை அனுமதி கையில் இருந்தாலும், ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் துளையிடாதீர்கள். எந்த முகப்பில் கூடு வைக்கும், எந்த விளிம்பில் பாறு கழுகு அடையும் என்பதை ட்ரோனைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

போல்ட் விஷயம் சுருக்கமாக: இது மழையும் மூடுபனியும் உள்ள மலை. துத்தநாகம் பூசிய மலிவுச் சரக்கு வேண்டாம். போல்ட்டும், அதில் மாட்டும் ஹேங்கர் தகடும் ஒரே வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உலோகம் மாறினால் அரிப்பு விரையும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு நட்டு இறுக்கப்போவது நாங்கள்தான்.

கறையுள்ள முகப்புகளை விட்டுவிடுங்கள். பாதை விவரத்தை வெளியிடும்போது, ஏறக் கூடாத மாதங்களைப் பாதையின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்கெல்லாம் முன்பு, டிரில்லை வீட்டில் வைத்துவிட்டு, ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு பைனாகுலருடன் வந்து பாறையைத் தூரத்திலிருந்து பாருங்கள். கூட வர நான் தயார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பாறையேறி