184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போக '22 நிமிடம்தான்' என்று சென்ற இதழில் வந்திருந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

தூரத்தில் குழப்பமில்லை. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி, திருச்சி விமான நிலையத்துக்குத் தெற்கே 0.973 பாகை, கிழக்கே 1.36 பாகை. இந்தப் பகுதியில் தெற்கு வடக்காக ஒரு பாகைக்கு 110.6 கி.மீ., கிழக்கு மேற்காக 109.5 கி.மீ. பெருக்கி, பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணத்தைப் போட்டால் 184 கி.மீ. கிடைக்கும். நேர்கோடு அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டுகிறது. விமானிகள் இதையே 99 மைல் என்பார்கள். அது கடல் மைல், 1.852 கி.மீ. சாதாரண மைல் என்று எண்ணி 1.609-ஆல் பெருக்கினால் 25 கி.மீ. காணாமல் போகும்.

சிக்கல் வேகத்தில்தான். இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 முதல் பறப்பது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். மணிக்கு 500 கி.மீ. என்பது அது மேலே சமமாகப் பறக்கும்போது எட்டும் வேகம். ஏறும்போது அந்த வேகம் வராது. 15,000 அடிக்கு ஏற வேண்டுமானால் கால் மணி நேரம், 50 கடல் மைல் போய்விடும். இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு, அதன்படி 45. ஆக 95 ஆயிற்று. சமமாகப் பறக்க மிச்சம் நாலே மைல்! அதனால்தான் இவ்வளவு குறுகிய தடத்தில் உயரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். போகும்போது கிழக்கு நோக்கிய பயணம் என்பதால் 11,000, 13,000 அடி என்று ஆயிரக் கணக்கில் ஒற்றைப்படையான உயரம், திரும்பும்போது இரட்டைப்படை.

போதாததற்கு, அட்டவணை நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து எண்ணப்படுவதில்லை. நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, காற்றின் திசைக்கேற்ற முனையைப் பிடிக்கச் சுற்றி வருவது, சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு மாறுவது, தாமதத்துக்கென்று ஒதுக்கும் சில நிமிடங்கள் எல்லாமே சேரும். பக்கத்து ஊருக்குப் போனாலும் தூரத்து ஊருக்குப் போனாலும் இந்தச் செலவு பெரிதாகக் குறையாது. சென்னை–யாழ்ப்பாணத் தடத்தைப் பாருங்கள்: சுமார் 354 கி.மீ., கிட்டத்தட்ட இரட்டிப்பு. நேரமோ ஒன்றே கால் மணி வாக்கில்தான்.

காற்றைப் பலரும் பெரிதாகச் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் அடித்தாலும் போக்குக்கும் வரத்துக்கும் வித்தியாசம் மூன்று நான்கு நிமிடம்தான். இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் அதிலும் குழப்பமில்லை.

இணையக் கணக்கிகளில் வரும் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவற்றில் சில, எந்தத் தடமானாலும் ஜெட் விமானத்தின் 800 கி.மீ. வேகத்தால் வகுத்து அரை மணி கூட்டிவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் இந்தத் தடத்துக்கு 44 நிமிடம். அடுத்த முறை இப்படி அட்டவணை வெளியிட்டால் விமானத்தின் வகையையும், 'நிறுத்துமிடம் முதல் நிறுத்துமிடம் வரை' என்ற குறிப்பையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி